அண்ணனின் மறதியும் என் கூழ் வைத்தியமும்

இருபத்தாறு ஆண்டுகளாகப் பாக்டீரியாக்களைப் பற்றி அவதூறு பேசிச் சம்பளம் வாங்கியவன் நான். ஜவ்வாது மலையில், காவலூருக்குப் பக்கத்தில் ஒரு அரசுப் பள்ளியில் விலங்கியல் ஆசிரியர். காலரா, டைபாய்டு, காசநோய் என்று கரும்பலகையில் அட்டவணை போட்டு, இன்ன நோய்க்கு இன்ன கிருமி என்று காட்டிக்கொடுக்கிற வேலை. அவற்றின் நல்ல குணங்களுக்கும் பாடப்புத்தகத்தில் ஒரு பத்தி உண்டு. அந்தப் பத்தி வரும்போது, "இத வூட்ல படிச்சிக்குங்க" என்று தாண்டிவிடுவேன். போன வருடம், ஐம்பத்து மூன்றாவது வயதில், அதே உயிர்களிடம் போய்க் கையேந்தி நிற்க வேண்டி வந்தது.

காரணம் என் அண்ணன்.

அண்ணன் என்னைவிடப் பதினோரு வயது மூத்தவர். முப்பது வருடம் இந்த மலைப்பாதையில் அரசுப் பேருந்து ஓட்டி ஓய்வு பெற்றவர். அண்ணி இறந்த பிறகு எங்களோடு வந்துவிட்டார். தினமும் காலையில் மொபெட்டை எடுத்துக்கொண்டு வளைவுகளைச் சுற்றிப் போய், டீ குடித்து, பேப்பர் வாங்கிவருவார். ஒரு மாசி மாதத்துக் காலையில் பேப்பர் இரண்டு வந்தது. மறுநாளும் இரண்டு. அதற்கடுத்த வாரம், "சாமை அறுத்துட்டாங்களாடா?" என்று காப்பிக்கு முன் ஒரு முறை, பின் ஒரு முறை, நான் சட்டை மாட்டும்போது ஒரு முறை கேட்டார். அறுவடை முடிந்து சில மாதங்கள் ஆகியிருந்தன. பிறகு ஒரு நாள் சாப்பிடும்போது என் மனைவியை அண்ணியின் பெயர் சொல்லிக் கூப்பிட்டு, ரசம் கேட்டார். அவள் திருத்தாமல் ஊற்றினாள். நான் சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தேன். அன்று என் இலையில் இருந்தது சாதமா களியா என்று கேட்டிருந்தால் எனக்கும் தெரிந்திருக்காது.

"டாக்டராண்ட கூட்டிம்போங்க" என்றாள் மனைவி, சமையலறையில் குரலைத் தாழ்த்தி. "அதுக்கு முன்னாடி வண்டி சாவிய வாங்கி வைங்க. மாமா அந்த வளைவுல போறப்பல்லாம் எனுக்கு ஈரக்கொலை நடுங்குது."

அவளுக்குச் சொல்வது சுலபம். அவள் கண்ணமங்கலத்துக்காரி, சமவெளியில் பிறந்தவர்களுக்கு எதையும் நேராகச் சொல்லிவிட முடிகிறது. முப்பது வருடம் ஓர் உயிருக்கும் சேதமில்லாமல் மலையில் பேருந்து ஓட்டியவரிடம், சக்கரம் வைத்த ஸ்டூலைவிடக் கொஞ்சம் பெரிதான ஒரு மொபெட்டின் சாவியைக் கொடு என்று எந்த வாயால் கேட்பது? கேட்பதற்கான வாக்கியத்தைப் பள்ளிக்குப் போகும் வழியில் தினமும் தயாரித்தேன். வீட்டு வாசலுக்கு வந்ததும் அது, "அண்ணே, சாப்ட்டியா?" என்று மாறிவிடும்.

ஆகவே, கையாலாகாத படிப்பாளி செய்வதைச் செய்தேன். படித்தேன்.

எங்கள் பள்ளிக்குப் பின்னால் ஒரு பாறை இருக்கிறது. அதன் மேல் ஏறி, கிழக்கே பார்த்து நின்றால் செல்போனில் சிக்னல் கிடைக்கும். இடைவேளைதோறும் அங்கே நின்றேன். மறதி நோயைப் பற்றி எதைப் படித்தாலும் அதே மூன்று சேதிதான். வயது, பரம்பரை, மருந்தில்லை. பரம்பரை என்ற சொல் வந்ததும் பாறையிலிருந்து இறங்கிவிடுவேன். சாக்பீஸை எங்கே வைத்தேன் என்று அன்று முழுக்கத் தேடுவேன். பிறகு ஒரு நாள் குடல் பாக்டீரியாக்களைப் பற்றிய கட்டுரை ஒன்று கண்ணில் பட்டது. நம் குடலில் கோடிக்கணக்கில் குடியிருக்கும் அவற்றுக்கும் மூளைக்கும் போக்குவரத்து உண்டு. மறதி நோய் உள்ளவர்கள் பலரின் குடலில் அந்தக் குடித்தனத்தின் கலவை மற்றவர்களிடமிருந்து மாறியிருப்பதைக் கண்டிருக்கிறார்கள். அவை உண்டாக்கும் சில பொருள்கள் ரத்தத்தின் வழியாகவும் நரம்பின் வழியாகவும் மூளையைத் தொடக்கூடும். 'கூடும்' என்ற சொல் அந்தக் கட்டுரையில் வரிக்கு ஒன்று இருந்தது. நான் அவை எல்லாவற்றையும் நீக்கிவிட்டுப் படித்தேன்.

குற்றவாளி கிடைத்துவிட்டான். அண்ணனின் குடலைப் பற்றி எனக்குத் தெரியாததா? முப்பது வருடம் பேருந்து நிலைய ஓட்டல்களின் பரோட்டா, நேரங்கெட்ட நேரத்துச் சாப்பாடு, நெஞ்செரிச்சலுக்கு மாத்திரை, காய்ச்சல் என்றால் லீவு போடாமல் கடையில் வாங்கி விழுங்கிய ஆன்டிபயாடிக். அந்தக் குடலில் எந்தப் பாக்டீரியாதான் மானத்தோடு குடியிருக்கும்?

எனக்குக் கிடைத்த நிம்மதியின் காரணம் இப்போது புரிகிறது. எங்கள் குடும்பத்தில் வயிற்றைப் பற்றி விருந்தாளி எதிரிலேயே பேசுவோம். காலையில் போனதா, எப்படிப் போனது என்பதை மாமனார் வீட்டிலும் விசாரிக்கலாம். தலைக்குள் என்ன நடக்கிறது என்பதைப் பற்றி மட்டும் யாரும் யாரையும் கேட்டதில்லை. அண்ணனிடம், "உனக்கு மறதி" என்று சொல்ல முடியாத நான், "உனக்கு வயிறு சரியில்லை" என்று தைரியமாகச் சொல்லலாம் என்றாகிவிட்டது.

சொன்னேன்.

"எனுக்கா? கல்லு துன்னாலும் கரையும்டா எனுக்கு" என்றார் அண்ணன்.

"இல்லண்ணே. குடலுக்கும் மூளைக்கும் நடுவுல ஒரு நரம்பு ஓடுது. அதுல மேல இருந்து கீழ வர்ற சேதியவிட, கீழ இருந்து மேல போற சேதிதான் ஜாஸ்தி."

அவர் தம்ளரைக் கீழே வைத்து யோசித்தார்.

"அப்போ ஏர்ற வண்டிக்கு எறங்கற வண்டி ஒதுங்கி வழி வுடணும். மலைல அதான ரூல்சு?"

இருபத்தாறு வருடத்தில் என் மாணவர் யாரும் நரம்பு மண்டலத்தை இவ்வளவு சீக்கிரம் பிடித்துக்கொண்டதில்லை. இவருக்கா மறதி என்று அன்றைக்கு ஒரு நாள் முழுக்க நம்பாமல் இருந்தேன். அடுத்த நாள் காலை பேப்பர் மூன்று வந்தது.

வைத்தியத்தைத் தொடங்கினேன். வாழைத்தண்டு, கீரை, தயிர், தோலோடு வேகவைத்த பயறு. முக்கியமாகக் கூழ். கேழ்வரகு மாவைக் கரைத்து ஒரு நாள் புளிக்கவிட்டு, சாமை நொய்யோடு காய்ச்சி, ஆறியதைத் தண்ணீரில் போட்டு வைத்து மறுநாள் மோர் விட்டுக் கரைத்துக் குடிப்பது. காய்ச்சும்போது பாக்டீரியாக்கள் செத்துப்போகுமே என்ற சந்தேகம் எனக்கு வராமலில்லை. இரவெல்லாம் தண்ணீரில் கிடக்கும்போது மறுபடி குடியேறிவிடும் என்று நானே பதிலும் சொல்லிக்கொண்டேன். நம்பிக்கை வேண்டியவனுக்குத் தானே கேட்டுத் தானே சொல்லிக்கொள்கிற பதில்கள்தான் திருப்தியாக இருக்கின்றன.

எங்கள் வீட்டில் மாவு புளிக்கவில்லை. மனைவி பாத்திரங்களைத் தேய்க்கிற தேய்ப்பில் அவற்றில் எதுவும் உயிர் வாழ முடியாது. ஓடைக்கு அந்தப் பக்கம் வீடுள்ள, சாமையும் கேழ்வரகும் போடுகிற அம்மாள் ஒருவர் உதவிக்கு வந்தார். என் வயதுதான் இருக்கும். அவருடைய இரண்டு பிள்ளைகளும் என்னிடம் படித்துத் தேறியவர்கள். என்னால் தேறினார்களா என்பதைப் பற்றி அவர் கருத்து எதுவும் சொன்னதில்லை.

"என்னாண்ட பானை ரெண்டு கீது சார். சின்னத எடுத்துக்கினு போங்க. ஆனா ஒண்ணு, இத்த தேய்ச்சி கீய்ச்சி வெக்காதீங்க. சும்மா தண்ணி வுட்டு அலசினா போதும். அந்தப் புளிப்பு பானையிலயே ஒட்டிக்கினு இருக்கும். அதான் அடுத்த மாவப் புளிக்க வெக்கும்."

"தெரியுங்க, நுண்ணுயிர்" என்றேன்.

"அதெல்லாம் எனுக்குத் தெரியாது. தேய்க்காதீங்க, அவ்ளோதான்."

அந்தப் பானையில் மாவு அருமையாகப் புளித்தது. அண்ணன் தினமும் காலையில் ஒரு சொம்பு குடித்தார். நான் எதிரில் உட்கார்ந்து அவர் முகத்தைப் பார்த்தேன், ஏதோ பல்பு எரியப்போவதுபோல. வயிறு நன்றாக ஆனது. அதை அவரே சொன்னார், கேட்காமலே, விவரமாக. மற்றபடி பேப்பர் இரண்டு, மூன்று என்று வந்தபடிதான் இருந்தது. வண்டி வர நேரமாகிவிட்டால் நான் வாசலுக்கும் கொல்லைக்கும் நடப்பேன். மொபெட் சத்தம் வளைவில் கேட்டதும் உள்ளே ஓடி, நிதானமாகப் புத்தகம் படிப்பவனாக உட்கார்ந்துகொள்வேன். மனைவி என்னைப் பார்ப்பாள். புத்தகம் தலைகீழாக இருந்தாலும் அவள் சொல்லியிருக்க மாட்டாள்.

மூன்று மாதம் இப்படி ஓடிற்று. ஆடி பிறந்தது. மாரியம்மனுக்குக் கூழ் ஊற்ற இரண்டு பானையும் வேண்டும் என்று அந்த அம்மாள் சொல்லியனுப்பினார். ஞாயிற்றுக்கிழமை. மனைவி கோயிலுக்குப் போயிருந்தாள். இரவல் வாங்கிய பாத்திரத்தை அழுக்கோடு திருப்பித் தருவது எங்கள் வீட்டு வழக்கமில்லை என்று எனக்குள் ஓர் ஆசாரம் தலைதூக்கியது. வெந்நீர் வைத்தேன். சோப்பு போட்டுத் தேங்காய் நாரால் உள்ளும் புறமும் தேய்த்தேன். அப்போதும் லேசாகப் புளிப்பு வாடை வந்தது. பள்ளித் தண்ணீர்த் தொட்டிக்கு வாங்கியதில் மிச்சமிருந்த பிளீச்சிங் பவுடரைக் கரைத்து ஊற்றி, அரை மணி நேரம் ஊறவைத்து, வெயிலில் கவிழ்த்தேன். மூன்று மாதமாக அண்ணனின் குடலில் எவற்றைக் குடியேற்றப் பாடுபட்டேனோ, அவற்றின் ஊரையே கொளுத்திவிட்டுத் திருப்தியோடு கையைத் துடைத்தேன். தேய்க்காதீர்கள் என்று அவர் சொன்னது ஒரு கணம்கூட ஞாபகத்துக்கு வரவில்லை. இந்த வீட்டில் வைத்தியம் யாருக்கு நடந்திருக்க வேண்டும் என்று எனக்கு இன்றும் சந்தேகம்.

"நான் குட்த்துட்டு வர்றேன்" என்று அண்ணன் பானையை மொபெட்டின் கால் வைக்கும் இடத்தில் நிறுத்தி, இரு கால்களாலும் அணைத்துக்கொண்டு கிளம்பினார். ஓடைக்கு அந்தப் பக்கம் போய்வரப் பத்து நிமிடம் ஆகும். நானும் சரி என்றேன்.

ஒரு மணி நேரம் ஆயிற்று. ஓடையைத் தாண்டி ஓடிப்போய்க் கேட்டேன், வரவில்லை என்றார்கள். சாலைக்கு வந்து வளைவில் எட்டிப் பார்த்தேன். ஒவ்வொரு வளைவிலும் தடுப்புச் சுவருக்குக் கீழே பார்த்தபடி நடந்தேன். உடைந்த பானை ஓடு எதுவும் கண்ணில் படக்கூடாது என்று வேண்டிக்கொண்டேன். அறிவியல் ஆசிரியர் அன்றைக்கு வேண்டிக்கொண்ட தெய்வங்களின் பட்டியல் நீளமானது. சிக்னல் எட்டுகிற ஒரு வளைவில் போன் அடித்தது. அண்ணனோடு வேலை பார்த்த கண்டக்டர் ஒருவர்.

"சார், டிரைவரண்ணன் இங்க ஆலங்காயம் பஸ் ஸ்டாண்டுல ஒக்காந்துனு கீறாரு. மடியில ஒரு பானை வெச்சினு கீறாரு. பேசினா நல்லாத்தான் பேசுறாரு. ஆனா… நீங்க வந்துட்டா நல்லாருக்கும் சார்."

அடுத்த பேருந்தைப் பிடித்து மலையிறங்கினேன். அண்ணன் சிமெண்ட் பெஞ்சில் பானையோடு உட்கார்ந்திருந்தார். என்னைப் பார்த்ததும் முகம் மலர்ந்தது.

"வாடா. டைம் ஆச்சு, இன்னும் எனுக்கு வண்டி நம்பர் சொல்லல பாரு. எந்த வண்டிய எடுக்கறது?"

பக்கத்தில் உட்கார்ந்தேன். "இன்னிக்கு உனக்கு லீவுண்ணே" என்றேன்.

அவர் என்னைப் பார்த்தார். பானையைப் பார்த்தார். பேருந்துகளைப் பார்த்தார். கொஞ்சம் கொஞ்சமாக அவர் முகத்தில் ஏதோ திரும்பிவந்தது. வந்தது வெட்கம். வராமலே இருந்திருக்கலாம் என்று தோன்றியது.

"மொபெட் எங்கண்ணே?"

அவருக்குத் தெரியவில்லை. நானும் கண்டக்டரும் தேடினோம். பேருந்து நிற்கிற இடத்தில், இரண்டு பேருந்துகளுக்கு நடுவே, கோட்டுக்குள் நேராக, முன்சக்கரம் வெளியே பார்க்க நிறுத்தியிருந்தது. கீறல்கூட இல்லை. பானையைக் காலுக்கிடையில் வைத்துக்கொண்டு அத்தனை வளைவுகளையும் இறங்கிவந்திருக்கிறார்.

"ஏறு" என்றார் அண்ணன், சாவியைச் சொருகி.

இப்போது என் வீரத்தைச் சொல்ல வேண்டும். ஏறினேன். சாவியைக் கொடு என்று கேட்க வேண்டிய நேரம் அதுதான். கண்டக்டர் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். நான் பானையை வாங்கி மடியில் வைத்துக்கொண்டு, அண்ணனின் பின்னால் உட்கார்ந்து, மலையேறினேன். அவர் ஒவ்வொரு வளைவிலும் ஹாரன் அடித்தார், உள்ளே ஒட்டித் திரும்பினார், எதிரே லாரி வந்தபோது அதுதான் ஒதுங்கியது. நான் இரண்டு கைகளாலும் பானையைக் கட்டிக்கொண்டிருந்தேன். அண்ணனைப் பிடித்துக்கொள்ள எனக்குக் கை இல்லை. எந்த வளைவில் மறுபடி அவருக்குப் பேருந்து ஞாபகம் வந்து, இல்லாத கண்டக்டரின் விசிலுக்காக நடுரோட்டில் நிறுத்துவாரோ என்று அவர் பின்மண்டையையே பார்த்துக்கொண்டு வந்தேன்.

வாசலில் மனைவி நின்றிருந்தாள். வண்டியை ஓட்டி வந்தது யார் என்று பார்த்தாள். உள்ளே போய்விட்டாள். பதினைந்து நிமிடத்தில் ஓடைக்கு அந்தப் பக்கத்து அம்மாள் பானையைத் தேடி வந்துவிட்டார். எடுத்தவர் உள்ளே முகர்ந்தார்.

"ஐய, இன்னா சார் இது? ஆஸ்பத்திரி வாசன அடிக்குது!"

"சுத்தமா கழுவினேங்க" என்றேன்.

"கழுவினீங்களா? இன்னா போட்டு?"

சொன்னேன். அவர் பானையை இடுப்பில் வைத்துக்கொண்டு என்னை மேலும் கீழும் பார்த்தார்.

"நீங்கதான புள்ளிங்களுக்கு கிருமி பாடம் எடுக்கறது? ஆத்தாவுக்கு இனிமே இதுல கூழு எப்டி புளிக்கும்? பவுடரு கூழா ஊத்தறது? இதுக்கு நானு பெரிய பானைல இருந்து பழைய புளிச்ச தண்ணி ஊத்தி ஊத்தி, எத்தினி நாளிக்கிப் பழக்கணுமோ! தேய்க்காதீங்கனு படிச்சிப் படிச்சி சொன்னேனே, அதுக்குள்ள மறந்துட்டீங்களா?"

நாற்காலியில் இருந்த அண்ணன் சிரிக்க ஆரம்பித்தார். கண்ணில் தண்ணீர் வருமளவுக்குச் சிரித்தார். அந்த அம்மாளும் சிரித்தார். நான் சிரிப்பதா வேண்டாமா என்று நின்றேன். அவர் போன பிறகு அண்ணன் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

"மறந்துட்டியாடா?"

"ஆமாண்ணே."

"எனுக்கும் மறந்து போவுது. ஒனக்குத் தெரியுந்தான?"

உள்ளே பாத்திரச் சத்தம் நின்றது.

"மூணு மாசமா வயிறு வயிறுன்னு சொல்லினு கீற. தண்டு குடுத்த, கூழு குடுத்த, குடிச்சேன். ஒரு நாளாவது அண்ணே, உன் தலை சரியில்லன்னு சொன்னியா? தலை என்துதான வாத்தியாரே? எனுக்குச் சொல்ல மாட்டியா? நான் மட்டும் தனியா பயந்துனு கெடக்கணுமா?"

நான் மனப்பாடம் செய்து வைத்திருந்த வாக்கியங்களை விட்டுவிட்டேன். "நாளைக்கு டாக்டர்கிட்ட போலாம்ணே" என்றேன். "போலாம்" என்றார். அவ்வளவு சுலபமாக இருந்தது. அதற்காகவே என்னை நானே அறைந்துகொள்ளலாம் போலிருந்தது.

திருப்பத்தூரில் ஒரு நரம்பு மருத்துவரிடம் போனோம். பேருந்தில்தான். எப்போது ஆரம்பித்தது என்று கேட்டார். நான் மூன்று மாதம் என்றேன். பின்னாலிருந்து மனைவி ஆறு மாதம் என்றாள். அண்ணன், "போன தீவாளிக்கு முன்னாடியே எனுக்குத் தெரியுங்க" என்றார். நாங்கள் இருவரும் அவரைத் திரும்பிப் பார்த்தோம்.

மருத்துவர் கடிகாரம் வரையச் சொன்னார், சில சொற்களைச் சொல்லித் திருப்பிக் கேட்டார், ரத்தப் பரிசோதனையும் ஸ்கேனும் எழுதினார். எல்லா மறதியும் ஒரே மறதியல்ல, வைட்டமின் குறைவிலும் தைராய்டிலும்கூட வரும், அதை முதலில் பார்த்துவிட வேண்டும், அதற்குத்தான் சீக்கிரம் வர வேண்டும் என்றார். சீக்கிரம் என்று சொன்னபோது அவர் என்னைப் பார்க்கவில்லை. ஆனாலும் நான் அண்ணனின் செருப்பைப் பார்த்துக்கொண்டேன்.

குடல் பாக்டீரியா பற்றிக் கேட்காமல் வர என்னால் முடியவில்லை. கேட்டேன்.

"தொடர்பு இருக்கற மாதிரிதான் தெரியுது சார். ஆனா குடல் மாறினதால மறதி வந்துதா, மறதி வந்து சாப்பாடு மாறினதால குடல் மாறிச்சானு இன்னும் யாருக்கும் உறுதியாத் தெரியல. கூழ் குடிக்கட்டும், நல்லதுதான். அதுக்காகக் காத்துட்டு இருக்காதீங்க."

என் மூன்று மாதத்தை அவர் இரண்டு வரியில் முடித்துவிட்டார். பிறகு அண்ணனிடம் திரும்பி, வண்டி ஓட்டுவீர்களா என்று கேட்டார். ஓட்டுவேன் என்றார் அண்ணன். எல்லா முடிவும் வரும்வரை ஓட்ட வேண்டாம் என்றார் மருத்துவர். நான் சொல்ல முடியாமல் வீட்டுக்கும் பள்ளிக்கும் சுமந்து திரிந்த வாக்கியம் அவர் வாயிலிருந்து இப்படிச் சாதாரணமாக வந்தது. அண்ணன் தலையாட்டினார்.

வீட்டுக்கு வரும்வரை அவர் பேருந்து ஜன்னல் வழியே வளைவுகளைப் பார்த்துக்கொண்டு வந்தார். வந்ததும் மொபெட்டின் அருகே போய் நின்று என்னைக் கூப்பிட்டார். டிரைவர்கள் ஷிப்ட் மாறும்போது, வண்டியில் என்னென்ன கோளாறு என்று வருகிறவனிடம் சொல்லி ஒப்படைப்பார்களாம். அதைச் சொல்லாமல் சாவியைத் தரக்கூடாதாம். சாவியைக் கையில் வைத்துக்கொண்டே சொன்னார்.

"பின் பிரேக் கொஞ்சம் லேட்டாப் புடிக்கும், முன்கூட்டியே மிதி. ஹாரன் மழைல அடிக்காது. மூணாவது கியரு மொரண்டு புடிக்கும், க்ளச்ச நல்லா அழுத்திப் போடு."

சாவியை என் உள்ளங்கையில் வைத்து, விரல்களை மூடிவிட்டார்.

அந்த மொபெட்டில் கியர் இல்லை. க்ளச்சும் இல்லை. நான் நிமிர்ந்து அவர் முகத்தைப் பார்த்தேன். என்னைக் கேலி செய்கிறாரா, இல்லை ஆலங்காயத்துப் பெஞ்சுக்கு மறுபடி போய்விட்டாரா? நகைச்சுவைக் கட்டுரைகள் எழுதி நாலு பத்திரிகையில் பெயர் வந்தவன் நான். ஒரு மனிதர் சொன்னது ஜோக்கா இல்லையா என்று எனக்குத் தெரியவில்லை. உதட்டோரம் பார்த்தேன். கண்ணைப் பார்த்தேன். ஒன்றும் கிடைக்கவில்லை.

"இன்னாடா அப்டிப் பாக்கற?" என்றார்.

இந்த முறை கேட்டுவிட்டேன். "அண்ணே, இதுல கியரே இல்லையே. தெரிஞ்சுதான் சொல்றியா?"

அவர் மொபெட்டைப் பார்த்தார். கைப்பிடியைத் தொட்டுப் பார்த்தார். பதில் வர நேரமாயிற்று. "சாப்ட்டியா?" என்று பேச்சை மாற்றாமல் நான் நின்றுகொண்டிருந்தேன்.